ஓடவிடாத பள்ளியில்தான் கை ஒடிகிறது

“ஓடாதே, விழுந்துடுவே.” நம் தொடக்கப் பள்ளி வராந்தாக்களில் இதைக் கேட்காத நாளே கிடையாது. டீச்சர் சொல்கிறார், ஆயா சொல்கிறார், சாயங்காலம் வீடு திரும்பினால் பாட்டியும் அதையே சொல்கிறார். ஓடினால் அடிபடும், உட்கார வைத்தால் பிள்ளை பத்திரம் என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கை தவறு. பிள்ளைகளின் கைகால் ஒடிவதற்கு வழி செய்வதே இதுதான்.

பிள்ளைகள் விழுவதைச் சற்றுக் கவனியுங்கள். ஓடியாடிப் பழகிய பிள்ளை, கால் தடுக்கியதுமே முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கி, பக்கவாட்டில் உருளும். மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஓடும். பழக்கமில்லாத பிள்ளையோ முழங்கையை விறைப்பாக நீட்டி உள்ளங்கையை ஊன்றும். உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கும். சிறு பிள்ளைகளுக்கு முன்கை எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். விழாமல் வளரும் பிள்ளை கிடையாது. ஆகவே பிள்ளைக்கு விழத் தெரிந்திருக்க வேண்டும். அது விளையாடித்தான் வரும்.

சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, சிறுவர்களுக்கென்றே ஒரு பயிற்சி முறையை வகுத்தது. ஒற்றைக் காலில் நிலைகொள்வது, குதித்து இறங்குவது, விழுந்து உருள்வது எல்லாம் அதில் உண்டு. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் குடியரசு ஆகிய 4 நாடுகளில், கால்பந்து ஆடும் 7 முதல் 12 வயதுள்ள ஏறத்தாழ 3,900 பிள்ளைகளை வைத்துச் சோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற அணிகளில் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. நெதர்லாந்தில் 40 தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் 5 நிமிடப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. அதில் கூடுதல் பலன் தெரிந்தது, வழக்கமாக அதிகம் ஓடியாடாத பிள்ளைகளிடம்தான்.

நம் தெருக்களில் இந்தப் பயிற்சியையெல்லாம் பாண்டியும் நொண்டியும் பச்சைக்குதிரையும் பார்த்துக்கொண்டன. பாண்டி ஆடும் சிறுமி ஒற்றைக் காலில் கட்டம் தாண்டுகிறாள், கோட்டை மிதிக்காமல் இறங்குகிறாள், அதே காலில் நின்றபடி குனிந்து சில்லை எடுத்து நிமிர்கிறாள். இதைவிட நல்ல கணுக்கால் பயிற்சியை எந்தக் கோச்சும் கொடுத்துவிட முடியாது.

பள்ளியில் நடப்பது என்ன? 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பி.டி. பீரியடையோ கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. ஏராளமான தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லை. வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையை ஸ்போர்ட்ஸ் டே அன்று மட்டும், வார்ம்-அப் கூட இல்லாமல், வழுக்கும் கறுப்பு ஷூவோடு ஓட விடுகிறோம். விழுந்தால் “இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னோம்” என்கிறோம். பழி ஓட்டத்தின் மேல் விழுகிறது.

பயப்பட வேண்டியது தரையைப் பார்த்து. உங்கள் பிள்ளையின் பள்ளிச் சறுக்குமரத்தின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். பிள்ளைகள் இறங்கி இறங்கி மண் குழிந்து, கம்பத்தை ஊன்றிய சிமெண்ட் கட்டி வெளியே தெரியும். பல பள்ளிகளில் அந்த மண்ணும் இல்லை, நேராக பேவர் பிளாக். அங்கே ஓர் அடி ஆழத்துக்கு மணல் கிடந்தால் சிராய்ப்போடு போகிற விழுதல், கல் தரையில் மாவுக்கட்டில் முடிகிறது. மணல் கொட்டப் பெரிய செலவில்லை. ஆனாலும் பள்ளி நிர்வாகங்கள் விளையாட்டை நிறுத்துவதையே தேர்ந்தெடுக்கின்றன. அதற்குக் காசும் வேண்டாம், உழைப்பும் வேண்டாம்.

விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் பள்ளியில் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. 2009இல் வந்த சட்டம் அது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கூட்டத்தில் கழிப்பறையையும் குடிநீரையும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். அதே மூச்சில் மணலையும் பி.டி. பீரியடையும் கேளுங்கள்.

பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழங்கால் சிராய்ப்புக்காகப் பள்ளி வாசலில் சண்டைக்கு நிற்காதீர்கள். ஒரு பிள்ளையின் சிராய்ப்புக்காக நீங்கள் போடும் சத்தத்துக்குப் பயந்துதான் தலைமை ஆசிரியர் மறுநாள் மைதானக் கேட்டைப் பூட்டுகிறார். அந்தப் பூட்டு மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு.