குஞ்சு கொடுத்தாயிற்று, ஊசி எங்கே?

தை கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் கிராமங்களில் ‘கோழி தூங்குது’ என்ற பேச்சு எழும். நேற்றுவரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு மூலையில் நிற்கும். இரை எடுக்காது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இரண்டொரு நாளில் கழுத்து திருகிக்கொள்ளும். காலோ இறக்கையோ இழுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டிலும் இதே கதை. பத்து நாளில் தெருவிலுள்ள பஞ்சாரங்கள் பாதிக்குமேல் காலி. ‘சீக்கு வந்து போயிருச்சு’ என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

மாடு செத்தால் காப்பீடு, மருத்துவரின் சான்று, கூட்டுறவுக் கடன் என்று ஏதோ ஒரு காகிதத்தில் அந்தச் சாவு ஏறும். கோழிச் சாவுக்குக் காகிதமே கிடையாது. எட்டுப் பத்து கோழி வைத்திருக்கும் பெண்ணுக்கோ அதுதான் சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், ராத்திரியில் காய்ச்சல் கண்டால் ஆட்டோவுக்குக் காசு, சம்பந்தி வந்தால் குழம்பு எல்லாம் அதிலிருந்துதான். வீட்டுக்காரரிடம் கணக்குச் சொல்லவேண்டாத பணமும் அது ஒன்றுதான். கணக்கில் வராத பணம் என்பதாலோ என்னவோ, அதன் இழப்பும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினங்கள் 85.18 கோடி. அவற்றில் 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. 2012 கணக்கெடுப்பைவிட இது ஏறத்தாழ 46 சதவீதம் கூடுதல். 12 கோடிக்கு மேற்பட்ட கோழிகளோடு மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம். இங்கே நாமக்கல் முட்டைப் பண்ணைக்கும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைக்கும் எந்த நாளில் எந்தச் சொட்டு, எந்த வாரத்தில் எந்த ஊசி என்று அட்டவணை இருக்கிறது. பெருவிடை, சிறுவிடை நாட்டுக்கோழிகள் மேயும் கொல்லைக்கு அப்படி ஒன்று கிடையாது. ‘சீக்கு’ என்று ஊர் சொல்லும் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரு ஊரே கோழியற்றுப் போவது இந்தக் கொல்லைகளில்தான்.

அது புதிரான நோயும் அல்ல. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையின் ராணிகேத்தில் தலைகாட்டியதால், நம் மருத்துவர்கள் ராணிகேத் நோய் என்றே எழுதிவருகிறார்கள். ராணிகேத்துக்கு அதிகத் தொலைவில்லாத முக்தேஸ்வர் ஆய்வகத்தில் 1940-களிலேயே இதற்குத் தடுப்பூசியும் பிறந்துவிட்டது. வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்தில் ஒன்பது கோழிகளைக்கூடக் கொண்டுபோகும். சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுக்கும் வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. சோர்ந்த கோழிக்கு அது தெம்பு தரலாம். தடுப்பூசியின் வேலையை அது செய்யாது.

எண்பது ஆண்டுகளாகக் கையில் தடுப்பூசி இருந்தும் ஏன் இந்தச் சாவு? அதிகாரிகளைக் கேட்டால் ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்பார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. தடுப்பூசிக் குப்பியை ஒருமுறை பார்த்தாலே காரணம் புரியும். அது பெரும்பாலும் 100 கோழிக்குக் குறையாத அளவில் வருகிறது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்கவேண்டும். கரைசலில் கலந்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும், மிச்சம் வீண். பண்ணைக்காரருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. எட்டுக் கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்? மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்தான். அதற்கு, பகலெல்லாம் மேய்ந்து அந்தியில் அடையும் கோழிகளை விடியுமுன் பஞ்சாரத்திலேயே மடக்கி, கால் கட்டி, பேருந்தில் ஏற்றவேண்டும். அன்றைய கூலியும் போகும். இது அறியாமையால் வரும் சிக்கல் அல்ல.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன் நடத்துவது சரியான கணிப்புதான். ஆனால் நாட்டுக்கோழி முகாம் தேதி பார்த்து அடை உட்காருவதில்லை. ஆண்டுக்கு மூன்று தடவையாவது குஞ்சு பொரிக்கும். முகாமில் போடும் இறக்கை ஊசி எட்டு வாரம் தாண்டிய கோழிக்கானது. தை மாதக் குஞ்சுக்கு அப்போது வயது போதாது. பங்குனியில் பொரிப்பது அப்போது பிறந்திருக்கவே இல்லை. இரண்டுமே அடுத்த பிப்ரவரிவரை காப்பில்லாமல் மேயும். ஊருக்குள் வைரஸ் தங்கியிருக்க இந்த இளசுகளே போதும்.

‘ஊசி போட்டதாலதான் செத்துச்சு’ என்று ஊரில் சொல்வார்கள். இதை வெறும் புரளி என்று தள்ளிவிட முடியாது. இறக்கை ஊசியில் இருப்பது சற்று வீரியமான உயிருள்ள கிருமி. வயது பாராமல் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயாகிவிடும். ஏற்கெனவே கிருமி ஏறிய கூட்டத்தில் போட்டாலும் கோழிகள் விழும், பழி ஊசிக்கு. குஞ்சுப் பருவத்தில் கண்ணில் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, பிறகு ஊசி என்ற வரிசையைப் பொறுமையாகச் சொல்ல ஊரில் ஒருவர் இருந்தால் இந்தப் பேச்சு பாதி குறையும்.

இனி சந்தை. முதல் கோழி தூங்கத் தொடங்கியதுமே மீதியை விற்றுவிடுவது வழக்கம். கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள், அல்லது அறுத்துவிடுவார்கள். அந்தப் பெண்ணின் பார்வையில் இது புத்திசாலித்தனம். நாளைக்குச் செத்தால் ஒரு பைசா வராது. சந்தைக்குப் போன கோழி நாலு ஊருக்கு நோயைக் கொண்டுபோகும் என்பது அவருக்கும் தெரியும். 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது. வளர்ப்பவர் தகவல் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் என்ன கிடைக்கும்? வெள்ளைக் கழிச்சலுக்கு இழப்பீடு கிடையாது. பறவைக் காய்ச்சலுக்கு உண்டு. மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதி ஏற்கின்றன. அதுவும் அரசு அழிக்கும் கோழிகளுக்கே தவிர, அதற்குமுன் தானாகச் செத்தவற்றுக்கு அல்ல. உண்மை சொன்னால் நட்டம், மறைத்தால் கொஞ்சமாவது காசு என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மக்களிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கோழி வளர்க்காதவர்களும் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானது. 2014-லும் 2024-லும் ஆலப்புழை வாத்துகளிடையே அது பரவியது. 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களின் பண்ணைகளில். 2021-இல் டெல்லியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் எச்5என்1 கிருமியால் இறந்தான். கொத்தாகக் கோழி சாவது, மூச்சுத் திணறல், கழிச்சல் என்று பறவைக் காய்ச்சலின் தொடக்கமும் வெள்ளைக் கழிச்சல் போலவே இருக்கும். முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்தால் சந்தேகம் கூடும். ஆனாலும் பார்வையால் இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. பறவைக் காய்ச்சலை உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம். எல்லாச் சாவையும் ‘சீக்கு’ என்று சொல்லிக் கடந்துபோகும் ஊரிலிருந்து அந்த ஆய்வகத்துக்கு மாதிரி எப்படிப் போய்ச்சேரும்?

ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் திடீரென்று செத்தால், முதல் வேலை கால்நடை மருந்தகத்துக்குச் சொல்வது. செத்த கோழியை வெறுங்கையால் தொடவேண்டாம். அறுத்துப் பார்க்கவே வேண்டாம். மருத்துவர் கேட்டால் இரட்டை உறையில் கட்டி, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுக்கலாம். மருத்துவர் செய்யும் அறுவைப் பரிசோதனையில் முன்னிரைப்பையின் ரத்தப் புள்ளிகள் வெள்ளைக் கழிச்சலுக்கு நல்ல தடயம். ஒரே இரவில் செத்திருந்தால் அது கோழிக் காலராவாலோ, வயலில் பொறுக்கிய நஞ்சு கலந்த விதையாலோகூட இருக்கலாம்; குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது ரத்தக் கழிச்சல், அதற்கு மருந்தே உண்டு. மீதிச் சவங்களை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். வாய்க்காலில் வீசிய கோழி கீழூர்க் கொல்லைக்குத்தான் போகும். நோயுற்றதைத் தனியே அடைத்து, நலமாக இருப்பவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுக் கடைசியாக அதனிடம் போவது நல்லது. கோழியை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். சந்தையில் புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று வாரமாவது ஒதுக்கி வைத்தபின் கூட்டத்தில் விடவேண்டும். பெரும்பாலான வீடுகளில் நோய் நுழையும் வாசல் அதுதான்.

தீர்வை வெளியிலிருந்து இறக்கவேண்டியதில்லை, முன்மாதிரி மட்டும் வெளியில் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்து உருவானது. மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களே நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விடுகிறார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வெப்பம் தாங்கும் டி58 வகைக் கிருமியைக் கொண்டு, தீனியாகவே கொடுக்கத்தக்க குருணைத் தடுப்பு மருந்தைத் தயாரித்திருக்கிறது. பிடிக்கவேண்டாம், குத்தவேண்டாம். இவ்வளவு பொருத்தமான பொருள் ஏன் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வியப்பு. ஜார்க்கண்டில் சுய உதவிக் குழுப் பெண்கள் ‘பசு சகி’ என்ற பெயரில் ஆடு, கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு வருமானமும் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை.

தமிழக அரசு ஒரு காலத்தில் ஏழைப் பெண்களுக்குத் தலா 50 குஞ்சுகளை இலவசமாகத் தந்தது. பிறகு 40 குஞ்சுகளைப் பாதி மானியத்தில் தந்தது. வழங்கிய குஞ்சுகளின் எண்ணிக்கை சட்டமன்றத்தில் வாசிக்கப்படும். ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் அதே அவையில் வாசிக்கவேண்டும். அடுத்த முறை குஞ்சு கொடுக்கும்போது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்து மருந்து கொடுக்க ஊருக்கு ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் கூலியும் சேர்த்து ஒதுக்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.