ஆசிட்டுக்குத் தீட்டு இல்லை

பள்ளிக்கூட லேபில் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கவனம் போதாது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதனால்தான் விபத்து நடக்கிறது என்கிறார்கள். விதிகளை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. என் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு கேட்கிறேன்: யாருக்குக் கவனம் போதவில்லை?

1987இல் நான் பிளஸ் ஒன். வகுப்பில் சேரிப் பிள்ளைகள் நாலு பேர். எங்கள் நாலு பேருக்கும் ஒரே பிப்பெட். அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அப்போதெல்லாம் வாயால்தான் உறிஞ்சுவோம். ‘வாய் வைக்கிற சாமான், அவங்கவங்களுத அவங்கவங்க வச்சுக்கங்கப்பா’ என்பார் சார். ஊர்த்தெருப் பிள்ளைகள் மூணு பிப்பெட்டை மாத்தி மாத்தி வாயில் வைத்தார்கள், அது அவருக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. ஆக்சாலிக் அமிலம் விஷம், எந்தப் பிள்ளையும் அதை வாயால் உறிஞ்சக் கூடாது, ரப்பர் பல்ப் வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. எங்க எச்சில்தான் அவருக்கு விஷம்.

மணி அடித்ததும் மற்றவர்கள் போய்விடுவார்கள். ‘நீங்க நாலு பேரும் கழுவி வச்சிட்டுப் போங்கடா.’ லேப் உதவியாளர் இடம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப எங்கள் சாதியே போதும் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒருநாள் ஒரு பீக்கரின் அடியில் எண்ணெய் மாதிரி ஏதோ நின்றது. லேபிள் இல்லை. வாளியில் மிச்சமிருந்த தண்ணியை அதில் ஊத்தினேன். அடர் கந்தக அமிலம். அமிலத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாக விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விட்டால் அந்தச் சூட்டில் கொதித்துத் தெறிக்கும். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். கழுவத் தெரிந்தால் போதும் என்று வைத்திருந்த பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வார்கள்?

கை வெந்தது. லேபில் குழாய் கிடையாது, ஒரு டிரம்தான். அதில் நாங்கள் கை வைக்கக் கூடாது, யாராவது மோந்து ஊத்தணும். சார் ஓடி வந்தார், எட்டவே நின்றார். வெராண்டாவில் போன ஒரு பையனைக் கூப்பிட்டு, ‘தூக்கி ஊத்துடா, தொட்றாத’ என்றார். ரெண்டு கப் ஊத்தினான். ஆசிட் பட்ட இடத்தில் இருபது நிமிஷமாவது தண்ணி ஓட வேண்டும். எனக்குக் கிடைச்சது ரெண்டு கப். என்னோடு கழுவிக்கொண்டிருந்தவன் பொறுக்காமல் வாளியை டிரம்முக்குள்ளேயே முக்கி எடுத்து என் மேல் கொட்டினான், கொட்டிக்கொண்டே இருந்தான். எனக்குக் கை மிஞ்சியது அவனால்தான். மறுநாள் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்தார்கள். அவனுக்குப் பிரம்படி. அதோடு அவன் படிப்பு நின்றது.

அம்பேத்கர் பள்ளியில் படித்தபோது தனிச் சாக்கில் உட்கார்ந்தார். பியூன் ஊத்தினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம்தான். அது வெள்ளைக்காரன் காலம். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. 37 வருஷம் கழித்தும் பியூன் வராத நாள் எனக்கு மிச்சம் இருந்தது.

பிளஸ் டூவில் சால்ட் அனாலிசிஸ். கிப் சாதனத்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை நாத்தம். ‘விஷவாயுடா, ஜன்னலைத் திறங்க’ என்று சார் பதறினார். எனக்கு அந்த நாத்தம் புதுசில்லை. டவுனில் சாக்கடைக்குள் இறங்குகிற என் சித்தப்பாவின் சட்டையில் அது இருந்தது. ‘நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லடா, சட்டுனு நாத்தம் நின்னுபோச்சுன்னாதான் சாவு’ என்பார். வாயு கூடும்போது மூக்கே மரத்துப்போகும் என்பதுதான் அதற்கு அறிவியல் விளக்கம். புத்தகம் படிக்காமல் அதைத் தெரிந்து வைத்திருந்தார் மனுஷன். லேபில் ஒரு குப்பி வாயுவுக்கு ஜன்னலைத் திறக்கிற சமூகம், அதே வாயு நிறைந்த குழிக்குள் எங்கள் ஆட்களைக் கயிறு கட்டி இறக்குகிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவு நின்றிருந்தால் தொகையை ஏன் கூட்ட வேண்டும்?

இப்போ எல்லாம் மாறிப்போச்சு என்பார்கள். சந்தோஷம். வாத்தியார்களே, உங்கள் பள்ளியில் பிராக்டிகல் முடிந்து கழுவ நிற்கிறவர்கள் யார், கக்கூசுக்குத் தண்ணி ஊத்த அனுப்பப்படுகிறவர்கள் யார் என்று ஒரு மாசத்துக்கு எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலைப் பக்கத்து வாத்தியாரிடம் காட்ட உங்களுக்குக் கூச்சமில்லை என்றால் மாறியிருக்கிறது என்று நம்புகிறேன்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. கழுவுகிற முறையை வருகைப் பதிவேட்டின் வரிசையில் போடுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் பேர் ஒட்டுங்கள். லேபில் ஓடுகிற தண்ணி வையுங்கள், அதை யார் வேண்டுமானாலும் திறக்கட்டும். காலி இடத்துக்கு ஆளைப் போடுங்கள், சாதியைப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பிள்ளையின் கை வெந்தால் அந்தக் கையைப் பிடித்துத் தண்ணியில் காட்டுங்கள். எட்ட நின்றுகொண்டு முதலுதவி செய்ய முடியாது.