வேகஸ் நரம்பைத் தூண்டினால் மூட்டுவலி குறையுமா? ரீல்ஸுக்கும் அறிவியலுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

ரீல்ஸைத் திறந்தாலே 'வேகஸ் நரம்பை ரீசெட் பண்ணுங்க' என்று யாராவது சொல்கிறார்கள். ஐஸ் தண்ணீரில் முகம் வைப்பது, ஹம்மிங், காதில் மாட்டும் கருவி என லிஸ்ட் நீள்கிறது. இதில் எவ்வளவு உண்மை?

அது என்ன நரம்பு?

மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை போகும் நரம்பு. இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் கவனித்துக்கொள்ளும். நோய் எதிர்ப்பு தனி டிபார்ட்மென்ட் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள்.

2000-ல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு, எலிகளின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியது. அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற புரதம் குறைந்தது. நரம்பு வழியே போகும் சிக்னல், மண்ணீரலில் உள்ள நோய் எதிர்ப்பு செல்களிடம் 'போதும், நிறுத்து' என்று சொல்கிறது என்பது இவர்கள் தந்த விளக்கம்.

இப்போது என்ன புதுசு?

முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும். செட்பாயின்ட் மெடிக்கல் நிறுவனம் இதற்காக ஒரு குட்டிக் கருவியைத் தயாரித்தது. ஆபரேஷன் செய்து கழுத்தில் பொருத்துவார்கள்; தினமும் ஒரு நிமிடம் நரம்பைத் தூண்டும். 2025 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்டிஏ இதற்கு அனுமதி தந்தது. ஆனால், பயாலஜிக் போன்ற நவீன மருந்துகள் பலன் தராத, அல்லது ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்கு மட்டும்தான்.

நம்பர் என்ன சொல்கிறது?

242 பேருக்குக் கருவி பொருத்தினார்கள். பாதிப் பேருக்கு மட்டும் ஆன் செய்தார்கள். 12 வாரத்தில், ஆன் செய்தவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு நோயின் தீவிரம் குறைந்தபட்சம் 20 சதவீதம் குறைந்தது. ஆஃப் செய்தே வைத்திருந்தவர்களிலும் சுமார் 24 சதவீதம் பேருக்கு அதே முன்னேற்றம்!

அதாவது, 100 பேரில் கருவியால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் சுமார் 11 பேர். 'எனக்குச் சரியாகிடுச்சு' என்று ஒருவர் சொல்வதை மட்டும் ஆதாரமாக எடுக்க முடியாது என்பதற்கு அந்த 24 சதவீதமே சாட்சி.

அப்போ இது வேஸ்ட்டா?

இல்லை. டிஎன்எஃப்-ஐ முடக்கும் ஊசிகள் தொற்று அபாயத்தைக் கூட்டும். உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம் என்பதால், ஊசிக்கு முன்பே காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள். காசநோய் அதிகமுள்ள இந்தியாவில் இது சின்ன விஷயமில்லை. இன்னொரு வழி கிடைப்பது நல்லதுதான்.

மெதுவாக மூச்சு விட்டால் இதயத் துடிப்பு நிதானமாகும், மனசும் ரிலாக்ஸ் ஆகும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதை நம்பி முடக்குவாத மாத்திரையை நிறுத்திவிட்டால், சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.