ஆனைக்கும் அடி சறுக்கும்

"எனக்கு என்ன வந்தது? கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்!"

அறுபத்தாறு வயது மாமியார் ஒருவர் தம் மருமகளிடம் சொன்ன வார்த்தை இது. சொல்லும்போது அந்த அம்மாளின் இடது கை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. மருமகளுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் மெள்ளக் கவனிக்க ஆரம்பித்தாள். கூடத்தைக் கடக்கும்போது மாமியார் சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறார். புடைவை உடுத்தும்போது கட்டிலில் சாய்ந்துகொள்கிறார். நடக்கும்போது ஏதாவது கேட்டால், நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறார். ஒரு நாள் வீட்டில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்து, பக்குவமாக விசாரித்தாள்.

"அத்தை, எங்கேயாவது விழுந்தீர்களா?"

அந்த அம்மாள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரண்டு தடவை, அம்மா. ஒரு தடவை கொல்லையில். ஒரு தடவை கோயில் பிராகாரத்தில். அடி ஒன்றும் படவில்லை. என் பிள்ளையிடம் சொல்லிவிடாதே. தெரிந்தால், இனிமேல் தனியாக எங்கும் போகாதே என்று உட்கார வைத்துவிடுவான்!"

நேயர்களே! இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது.

வயதானவர் ஒருவர் திடீரென்று விழுந்துவிட்டார் என்கிறோம். பெரும்பாலும் அது திடீரென்று நேர்வதில்லை. விழுவது தொடர்கதையின் கடைசி அத்தியாயம். முந்திய அத்தியாயங்கள் பல வருஷங்களாக நம் கண்ணெதிரே வெளியாகிக்கொண்டுதான் இருந்தன. நாம் படிக்கவில்லை, படித்தவரோ பயத்தினால் மூடி மறைத்துவிட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிர் இழக்கிறார்கள். அவர்களில் மிகுதியானவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். உயிர் பிழைத்தாலும், இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி நடமாட முடிவதில்லை. எலும்பு முறியாவிட்டாலும் பயம் வந்துவிடுகிறது. பயத்தினால் நடப்பது குறைகிறது. நடக்காததால் கால் பலம் குறைகிறது. பலம் குறைந்ததால் மறுபடியும் விழ நேர்கிறது. சுற்றிச் சுற்றி வரும் செக்குதான்!

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று சாட்சிகள் மூளைக்குச் சதா செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கண். இரண்டாவது, காதின் உட்புறத்திலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றை அடுத்த இரண்டு சிறு பைகளும். மூன்றாவது, உள்ளங்காலிலும் மூட்டுகளிலும் தசைகளிலும் இருக்கும் உணர்ச்சி நரம்புகள். ஒரு சாட்சி தளர்ந்தால் மற்ற இரண்டும் ஈடு கொடுக்கும். அதனால்தான் ஆரம்பக் கோளாறு நமக்குத் தெரிவதில்லை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பெர்லின் நகரத்தில் ராம்பெர்க் என்று ஒரு வைத்தியர் இருந்தார். பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால், கால் உணர்ச்சி கெட்டவர்கள் தள்ளாடுவதை அவர் எடுத்துக் காட்டினார். கண் என்ற சாட்சி விலகியதும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது! முகம் கழுவக் கண்ணை மூடும்போதும், இருட்டில் எழுந்து போகும்போதும் தடுமாறுவதன் ரகசியம் இதுதான். ஆனால் இந்தச் சோதனையை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். அது டாக்டரின் எதிரில் நடக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை இரண்டு சொல்கிறேன். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டியது அவசியம்.

முதலாவது: சுவர் ஓரமாக நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல்களைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைத்து, எதையும் பிடிக்காமல் 10 விநாடி நிற்க வேண்டும். முடியாவிட்டால் கீழே விழும் அபாயம் கூடுதல் என்று கொள்ளலாம்.

இரண்டாவது: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கம் போல் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் கிழவர்களுக்கு" என்று ஐம்பது வயதுக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிரேஸில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. முடியாதவர்களுக்கு அடுத்த சில வருஷங்களில் மரண அபாயமும் அதிகமாக இருந்தது என்று 2022-ல் வெளியிட்டார்கள். ஒற்றைக் காலில் நிற்க முடியாததே ஆளைக் கொன்றுவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உள்ளே வேறு ஏதோ தளர்ந்திருக்கிறது என்று காட்டும் மணி அது.

நடந்துகொண்டே பேச முடியாமல் நின்றுவிடுவதும் அப்படிப்பட்ட மணிதான். அவ்விதம் நிற்பவர்கள் பின்னால் விழ நேர்வது அதிகம் என்று ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் கண்டு சொன்னார்கள். நம் மருமகள் அதைப் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டாள்!

சரி, டாக்டரிடம் எதைக் கேட்பது? படுக்கையில் புரளும்போது ஒரு நிமிஷத்துக்குள்ளாகத் தலை கிறுகிறுவென்று சுற்றி நின்றுவிடுகிறதா? உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையை முறைப்படித் திருப்பித் திருப்பி வைத்தே அவற்றை இருப்பிடத்துக்கு அனுப்பிவிடும் சிகிச்சை இருக்கிறது. பலருக்கு ஓரிரு தடவையில் குணம் தெரியும். எழுந்து நின்றவுடன் கண் இருட்டுகிறதா? படுத்திருக்கும்போதும் நின்றபிறகும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்துப் போகிறதா? சர்க்கரை வியாதி காரணமாக இருக்கலாம். பி12 வைட்டமின் குறைவாகவும் இருக்கலாம். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு வெகு நாளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் குறை ஏற்படுவதுண்டு. தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மருந்தைவிடப் பெரிய மருந்து பயிற்சி. நியூஸீலந்தில் 'ஒடாகோ' என்ற பெயரில் கால் பலத்துக்கும் நிலை தவறாமல் நிற்பதற்கும் ஒரு பயிற்சி முறை வகுத்தார்கள். வீட்டிலேயே அதைச் செய்த முதியவர்கள் விழுவது ஏறக்குறைய 35 சதவிகிதம் குறைந்தது. வெறும் நடை மட்டும் போதாது. குக்கரில் மூன்று விசில் வருவதற்குள், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்துத் தரம் உயர்த்தி இறக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழுந்து உட்காரலாம். சுவர் ஓரமாக அடிமேல் அடி வைத்து நடக்கலாம். வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். முன் காலத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததே ஒரு பயிற்சியாக இருந்தது. இப்போது சோபா அதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குளியலறையில் ஈரம் தேங்க வேண்டாம். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி பதியுங்கள். நழுவும் மிதியடிகளை அப்புறப்படுத்துங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

அந்த மாமியாரின் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? மருமகள் ரகசியத்தைக் காப்பாற்றவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. "நாமே சொல்லுவோம், அத்தை. ஆனால் கோயிலுக்குப் போவது நிற்காது என்று நானும் சேர்ந்து சொல்லுகிறேன்" என்றாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். பி12 மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள். கண்ணாடியை மாற்றினார்கள். மாமியாரும் மருமகளும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே குதிகாலைத் தூக்கினார்கள். இன்றும் அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் தனியாகத்தான் கோயிலுக்குப் போகிறார். கையில் ஒரு தடி மட்டும் கூடுதல்.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கும் குரலில் தடை உத்தரவு தொனிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் உண்மையான பதில் கிடைக்கும்.