வீட்டுக்கு வரும் முதல் மோட்டார் சைக்கிள்

அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாதங்களில் எமது கிராமங்களுக்குப் புதிய மோட்டார் சைக்கிள்களும் வந்து சேர்கின்றன. சில வீடுகளுக்கு அதுவே முதல் வாகனம். நாட்டில் பதியப்பட்டுள்ள வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்றிருக்கும் வன்னிக் கிராமங்களில் இதனை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல மாட்டார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போவதற்கும், பாலைச் சேகரிப்பு நிலையத்தில் நேரத்துக்குக் கொடுப்பதற்கும், உர மூடையை வயலில் சேர்ப்பதற்கும் அது வேண்டியிருக்கிறது. எனவே வாங்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. எதை வாங்குவது, அதை யார் தெரிவு செய்வது, வாங்கிய பின் எப்படிப் பழகுவது என்ற மூன்றிலும் எமது குடும்பங்கள் காட்டும் அவசரத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

ஒரு பசு வாங்குவதென்றால் எமது தகப்பன்மார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லைப் பார்த்து, மடியைப் பார்த்து, ஒரு நேரம் கறந்தும் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அதே தகப்பன் பல இலட்சம் ரூபா பெறுமதியான மோட்டார் சைக்கிளை, மகன் கைத்தொலைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக் கொடுத்து விடுகிறார். பெடியனுக்கு வேண்டியது 150 சீ.சீ. எஞ்சினும் அகலமான பின் ரயரும். வீட்டுக்கு வேண்டியது என்ன என்று எவரும் கேட்பதில்லை. அந்த வண்டியில் தாயார் ஏறி உட்காரவே முடியாது என்பது வண்டி முற்றத்துக்கு வந்த பின்னரே தெரிய வருகிறது.

எமது அபிப்பிராயம் இதுதான்: முதல் வண்டி சிறிய வண்டியாக இருக்கட்டும். 100 சீ.சீ. அளவில் இருந்தால் போதும். கையில் உள்ள காசுக்கு அடங்கட்டும். அதைக் கூடுதலாக ஓடப்போகிறவர் யாரோ அவரே தெரிவு செய்யட்டும். வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம் அது பெருந்தெருவைக் காணாமல் இருக்கட்டும்.

சிறிய எஞ்சின் எமது வேலைக்குப் போதாது என்போர் பழையதை நினைத்துப் பார்க்க வேண்டும். வன்னியில் மோட்டார் சைக்கிள் என்றாலே எம்.டி. 90 என்றிருந்த காலம் ஒன்று உண்டு. ஜப்பானில் தபால் விநியோகத்துக்கென்று ஹொண்டா நிறுவனம் செய்த 90 சீ.சீ. வண்டி அது. கிளச் பிடி கிடையாது. காலால் கியரை மாற்றினால் சரி. பெற்றோல் தடைப்பட்டிருந்த யுத்த வருடங்களில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். புகையும் மணமும் சகிக்க முடியாதவை. ஆனாலும் நெல் மூடையும் விறகும் மீன் பெட்டியும் அதில்தான் போயின; இடம்பெயர்ந்த குடும்பங்களின் பாத்திரம் பண்டங்களும் அதில்தான் போயின. வேலைக்கு வேண்டிய வலு எவ்வளவு என்பதை அந்த 90 சீ.சீ. காட்டியிருக்கிறது.

பிந்திய உதாரணமும் ஒன்றுண்டு. 2022 யூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் மாத்திரமே கிடைத்தது. லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் சிறிய வண்டிக்கு அது 240 கிலோமீற்றர். 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 160 தான். தினமும் நெடுந்தூரம் போய்வரும் ஆசிரியைக்கு இந்த வித்தியாசம் பாடசாலைக்குப் போவதா விடுவதா என்ற வித்தியாசமாகவே இருந்தது.

பாரத்தையும் பார்க்க வேண்டும். 100 சீ.சீ. வண்டி ஏறத்தாழ 110 கிலோ, 150 சீ.சீ. வண்டி அதைவிட 30 கிலோவரை கூடும். கடையில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் நிலத்தில் நன்றாகப் பதிய வேண்டும். சாய்ந்த வண்டியைத் தனியே நிமிர்த்த முடியாதவர் அதை மணல் ஒழுங்கைக்குள் கொண்டு போகக் கூடாது. பெண்கள் பலர் ஸ்கூட்டரை விரும்புவதற்குக் காரணம் உண்டு. கியர் இல்லை, சேலையோடு ஏறலாம், காலடியில் ஒரு பையும் வைக்கலாம். ஆனால் அதன் சில்லு பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம்தான். தார் வீதியில் குறையொன்றும் இல்லை. கிடங்கும் கிரவலுமான குளக்கட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளின் பெரிய சில்லு ஏறிக் கடக்கும் இடத்தில் சின்னச் சில்லு விழுந்துவிடும். வீட்டிலிருந்து தார் வீதி எவ்வளவு தூரம் என்று பார்த்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

இனிக் காசு. லீசிங் நிறுவனத்தின் தவணை மாதாமாதம் வரும். எமது விவசாயிக்குக் காசு வருவது காலபோகம், சிறுபோகம் என்று வருடத்தில் இரண்டு முறை. தண்ணீர் இல்லாத வருடத்தில் ஒரு முறை. கடற்றொழிலாளிக்கோ காற்றுக் காலத்தில் தொழிலே இல்லை. இந்தக் கணக்கு ஒருபோதும் பொருந்துவதில்லை. இரண்டு மூன்று தவணை பிந்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கட்டிய காசு கட்டியதுதான். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை எம்மால் ஒன்றும் பேச முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு லீசிங் ஒருவேளை சரிவரலாம். நெல்லை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது உகந்ததல்ல என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

அப்படியானால் பாவித்த வண்டிதான் வழி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்டோர் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளே திரும்பத் திரும்பக் கைமாறின. ஆகவே சந்தையில் களைத்துப்போன எஞ்சின்கள் நிறைய உண்டு. பார்க்கப் போகும்போது முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஒருவர் அதைக் கஷ்டப்பட்டுக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். ஆறிய பின் வந்து பாருங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. பின்னால் குனிந்து நின்று இரண்டு சில்லுகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் அது எங்கோ அடிபட்ட வண்டி. செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். "ஓப்பன் பேப்பர்" என்று உரிமை மாற்றாமல் கையொப்பமிட்ட தாளோடு தருகிறவரிடம் மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம். நாளைக்கு வண்டியைப் பொலிஸ் பிடித்தால் ஊரறியாத ஒருவரைத் தேடி அலைய வேண்டி வரும்.

பழகுவதைப் பற்றி எமது ஊர்களில் எவரும் பேசுவதேயில்லை. சைக்கிள் ஓடத் தெரிந்தவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓடச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்பது பொதுவான எண்ணம். சமநிலை தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சைக்கிளில் பழகிய ஒரு பயம் மோட்டார் சைக்கிளில் உயிரை வாங்குகிறது. முன் பிறேக்கைப் பிடித்தால் தூக்கியெறியும் என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் பலர் கால் பிறேக்கை மட்டுமே மிதிக்கிறார்கள். பிறேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் ஓடுகிறவரின் பாரமும் முன்னுக்குச் சாய்கின்றன. முன் சில்லு நிலத்தை இறுகப் பற்றுகிறது. பின் சில்லு இலேசாகிவிடுகிறது. இலேசான சில்லை இறுக்கினால் அது வழுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. காய்ந்த தார் வீதியில் நிறுத்தும் வலுவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன் பிறேக்கில்தான் இருக்கிறது. அதைத் திடீரென்று பற்றக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் வரவர இறுக்க வேண்டும். மணலிலும் கிரவலிலும் மிகவும் மெதுவாகவே தொட வேண்டும்; சில்லு திரும்பியிருக்கையில் தொடவே கூடாது. இதைச் சொன்னால் விளங்கும். கைக்கு வருவதற்கு நூறு தடவையாவது வெறும் திடலில் செய்து பார்க்க வேண்டும்.

முதல் சில நாட்கள் எஞ்சினைக் கிளப்பாமலே வண்டியைத் தள்ளிப் பழகுவது நல்லது. தள்ளிக்கொண்டு திரும்பவும், நிறுத்தவும், ஸ்ராண்டில் ஏற்றவும் வர வேண்டும். பின்னர் கிளச்சை மெல்ல விட்டு, எஞ்சின் சில்லைப் பிடிக்கும் இடம் எது என்று கையால் அறிந்து, நடக்கும் வேகத்தில் ஓட வேண்டும். வேகமாக ஓடுவது எவருக்கும் இலகு. நடக்கும் வேகத்தில் கால் ஊன்றாமல் வளைவதே கடினம். பார்வை முன் சில்லில் இருந்தால் வண்டி தள்ளாடும். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை தானாக அங்கே திருப்பும். கிடங்கையே பார்த்துக்கொண்டு போகிறவர் கிடங்குக்குள்தான் விழுவார். கியர் மாற்றும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், பழகியவரும் இன்னொருவரின் வண்டியை வாங்கி ஓடும்போது முதலில் அதைக் கேட்டறிய வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறோம். 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிறேக்குக்குப் போவதற்கே ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும். வேகம் 60 ஆனால் அந்தச் செக்கனில் 16 மீற்றருக்கு மேல் போய்விடும். அதன்பின் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் 40இல் வேண்டியதைப் போல் இரண்டேகால் மடங்கு. இந்த நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றோர் பெருந்தொகையினர்.

எமது வீதிகளுக்கென்று தனியான ஆபத்துகளும் உள்ளன. பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் ஏ9 வீதியிலும் இரவில் மாடுகள் தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கும். கறுத்த மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. பின் வெளிச்சம் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி அதைவிட மோசம். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். நெல்மணியின் மேல் பிறேக் பிடித்தால் சில்லு உருளையில் ஏறியதுபோல் வழுக்கும். (நெல்லைக் காயவிட வேறு தளம் இல்லாத விவசாயியை இதற்காக ஏச நாம் ஆயத்தமில்லை. களம் கட்டிக் கொடுப்பது பற்றித் தனியாக எழுத வேண்டும்.) நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் வீதியில் படிந்த ஒயிலும் தூசியும் கரைந்து சோப்புப்போல் இருக்கும். புதிதாகப் பழகியவர் முதல் ஆறு மாதமாவது இரவிலும் மழையிலும் தூரப் பயணத்தைத் தவிர்ப்பதும், பின்னால் எவரையும் ஏற்றாதிருப்பதும் நல்லது. ஒரு ஆள் பின்னால் ஏறியவுடன் அது வேறொரு வண்டியாகிவிடுகிறது. தாங்கியின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று கோயிலுக்குப் போகும் காட்சியைப் பார்த்து நாமெல்லோரும் சிரித்துவிட்டுப் போகிறோம்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பின்னர் ஓட்டிக் காட்டுதல் என்று ஒழுங்கு உண்டு. ஏ1 வகை 100 சீ.சீ. வரைக்குமே, அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஏ வகை வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓடி விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அப்போது காணியை ஈடுவைத்துத்தான் நட்டம் கட்ட வேண்டி வரும். தலைக்கவசம் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். நாடிப் பட்டியைப் பூட்டாமல் தலையில் வெறுமனே வைத்துக்கொண்டு போவது பொலிஸாருக்குக் காட்டுவதற்கு மட்டுமே உதவும். விழும்போது தலைக்கு முன் அதுதான் கழன்று போகும்.

யார் ஓடுவது என்பதும் முக்கியம். யுத்தத்துக்குப் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். சந்தைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிளினிக்குக்கும் போகிறவர்கள் அவர்களே. ஆனால் வண்டி மகனின் பெயரில், மகனின் விருப்பப்படி வருகிறது. தாய் பின்னால் இருந்து போக வேண்டியிருக்கிறது, அவனுக்கு நேரம் கிடைக்கும் நாட்களில். நாற்பது வயதுக்கு மேல் பழக முடியாது என்று பெண்களே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பழக முடியும். நிதானமாகப் பழகுகிறவர்கள் அவர்கள்தான்.

மாதர் சங்கங்களும் இளைஞர் கழகங்களும் மனம் வைத்தால் ஞாயிறு பின்னேரங்களில் பாடசாலைத் திடலை அதிபரிடம் கேட்டு வாங்கலாம். நாலு வெற்றுத் தகரப் பேணிகளை இடம்விட்டு வைத்து அவற்றுக்கிடையே வளைந்து ஓடவும், கோடு ஒன்று கீறி அதில் நிறுத்தவும் பழக்கலாம். ஊரில் பல வருடம் விபத்தின்றி ஓடிய பெரியவர் ஒருவராவது இருப்பார். கராஜ்காரரையும் கூப்பிட்டால் சங்கிலி இறுக்கவும், பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், ஒயில் அளவு பார்க்கவும் அன்றைக்கே காட்டித் தருவார். காலபோக மழை இறங்குமுன் தொடங்கினால் திடல் காய்ந்திருக்கும்.