டாம் ராபின்சனின் இடது கை

போன ஞாயிறு எங்கள் பகுதி வாசகர் வட்டத்தில் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைப் பற்றிப் பேச்சு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “படிப்பறிவில்லாத ஊர் சார் அது. நாலெழுத்து தெரிந்திருந்தால் ஓர் அப்பாவியைத் தண்டித்திருப்பார்களா?” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டீ வந்துவிட்டது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

அறியாமையாம்! குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவனான டாம் ராபின்சனின் இடது கையை அந்த ஜூரிகள் பார்க்கவில்லையா? சிறுவயதில் ஜின்னிங் எந்திரத்தில் சிக்கி, குட்டையாகிச் சூம்பிப்போன கை. சத்தியம் செய்யப் பைபிள்மேல் வைத்தால் அதுவும் நழுவி விழுகிறது. டாம் தன்னைக் கெடுத்ததாகப் புகார் சொன்ன வெள்ளைக்காரப் பெண் மயெல்லாவுக்கு அடிபட்டது வலக்கண். எதிரே நின்று அடித்தவன் இடதுகைக்காரனாக இருக்க வேண்டும். அவளுடைய அப்பன் பாப் யூவல் எந்தக் கையால் எழுதுகிறான் என்பதையும் டாமின் வக்கீல் அட்டிகஸ் எல்லார் முன்னிலும் எழுத வைத்தே காட்டிவிட்டார். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டுமா? கண் போதும். கண்ணால் பார்த்துவிட்டு, மணிக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து பேசிவிட்டு, வெளியே வந்து ‘குற்றவாளி’ என்றார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் விடுதலைக்காக வெகுநேரம் மல்லுக்கட்டியவன் யார்? கன்னிங்ஹாம் குடும்பத்தான். பிள்ளைக்கு மதியச் சோறு கட்டிக்கொடுக்க வழியில்லாத, வயல் வேலைக்காக அவன் படிப்பையே பாதியில் நிறுத்துகிற வீடு அது. படித்த மிஸ் கேட்ஸ் என்ன செய்தாள்? யூதர்களை ஹிட்லர் வதைப்பது அநியாயம் என்று வகுப்பில் பாடம் நடத்தியவள், நீதிமன்றப் படியிறங்கும்போது, கறுப்பர்களுக்கு யாராவது பாடம் புகட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டு போனாள். ஆசிரியர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டாரா?

கதைதானே என்று ஒதுக்கவும் முடியாது. 1931இல் அதே அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கு. ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. 1933 மறுவிசாரணையில், புகார் சொன்ன இரு பெண்களில் ஒருத்தியான ரூபி பேட்ஸே கூண்டேறி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றாள். அப்படியும் ஜூரிகள் ஹேவுட் பேட்டர்சனுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அதை ரத்துசெய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அடுத்த தேர்தலில் பதவியிழந்தார். அந்த ஒன்பது பேரில் கடைசி மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013இல். செத்தவர்களுக்கு மன்னிப்பு! குற்றமே செய்யாதவனை எதற்காக மன்னிப்பது?

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த நாவலைப் பேசுகிறவர்கள் அட்டிகஸின் பெருந்தன்மையைப் பாராட்டி முடித்துக்கொள்கிறார்கள். அன்றும் இரண்டு மணி நேரம் அட்டிகஸ் புராணம்தான். டாமின் மனைவி ஹெலன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

அந்த இடது கையைக் கண்டுகொண்டவர்களும் கதையில் உண்டு. சிறை வேலியேறித் தப்ப முயன்ற டாமின் உடம்பில் பதினேழு குண்டுத் துளைகள். சுட்ட காவலர்கள் சொன்னார்கள்: இரண்டு கையும் நன்றாக இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பான் என்று.