பயோடேட்டாவில் இல்லாத பட்டறை

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் ஒரு மேசைக்கு முன்னால் போய் உட்காருபவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ நாமக்கல்லிலோ ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் முகாம் நடக்கும். ஓசூர் பக்கத்து ஆலைகள், ஜவுளி நிறுவனங்கள், இருசக்கர வாகன ஷோரூம்கள், மைக்ரோ ஃபைனான்ஸ், காப்பீடு, மருத்துவமனை என்று வகுப்பறைதோறும் மேசைகள் போட்டிருப்பார்கள். காலையிலேயே பதிவு வரிசை வாசல்வரை நீண்டுவிடும். மேசைக்குப் பின்னால் இருக்கும் மனிதவள அலுவலர் சாயங்காலத்துக்குள் அத்தனை முகங்களையும் பார்த்து, அத்தனை கோப்புகளையும் புரட்டியாக வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது அவர் நினைவில் யார் இருப்பார்கள்?

இதற்குக் கல்லூரிகளில் சொல்லித்தரப்படும் பதில் நமக்குத் தெரியும். சட்டையை இஸ்திரி போடு, ஷூ போடு, கண்ணைப் பார்த்துப் பேசு, ஆங்கிலத்தில் ஆரம்பி. இவற்றைத் தள்ளிவிட முடியாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனீன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே இவரை நம்பலாமா, இவர் திறமையானவரா என்று மனித மனம் முடிவுகட்டிவிடுகிறது என்று காட்டியது. கூடுதல் நேரம் கொடுத்தபோதும் அந்த முடிவு பெரும்பாலும் மாறவில்லை. அதன் மீதான உறுதிதான் கூடியது. ஆகவே சுத்தமான உடையும் நேரான பார்வையும் தேவைதான். ஆனால் வரிசையில் நிற்கும் எல்லோரும் அதே பயிற்சியை எடுத்துக்கொண்டு, அதே வெளிர்நீலச் சட்டையோடு வருகிறார்கள். எல்லோரிடமும் இருக்கும் ஒன்று யாரையும் தனித்துக் காட்டாது.

தனித்துக் காட்டக்கூடியது எது என்றால், செய்த வேலை. அது நாமக்கல் பிள்ளைகளிடம் ஏராளமாக இருக்கிறது. அதைத்தான் அவர்கள் மறைத்து வைக்கிறார்கள்.

முகாமுக்கு வரும் பயோடேட்டாக்களில் பத்தை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் இருக்கும் ஒரே மாதிரியில் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் மாற்றி அச்சிட்டவை அவை. முதல் பத்தியில், சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புவதாக ஓர் ஆங்கில வாக்கியம். நடுவில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், அவற்றின் சதவீதம். கீழே பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் ஆடுவது என்று பொழுதுபோக்குகள். அதற்கும் கீழே அப்பா பெயர், மதம், திருமண நிலை. அனுபவம் என்ற இடத்தில் ‘ஃப்ரெஷர்’ என்ற ஒற்றைச் சொல்.

அப்படி எழுதிய பையன் கல்லூரி விடுமுறை முழுக்க மாமாவின் லாரி பாடி பில்டிங் பட்டறையில் வெல்டிங் அடித்திருப்பான். சேசிஸ் வந்து நின்றதிலிருந்து பெயின்ட் அடித்து வண்டி வெளியேறும்வரை எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எதில் நாள் இழுக்கும், எந்தப் பொருள் எப்போது வந்து சேர வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஓர் ஆலையில் இதற்கு உற்பத்தித் திட்டமிடல் என்று பெயர் வைத்து ஆள் தேடுகிறார்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், ஷெட் வாரியாக அன்றாட முட்டை எண்ணிக்கை, உடைசல், இறப்பு, தீவன இருப்பு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருப்பாள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை பத்துப் பைசா இறங்கினால் வீட்டுக் கணக்கில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பி.காம். முடித்துவிட்டு மேசைக்கு வந்து, கணக்கு வேலையில் அனுபவம் இல்லை என்கிறாள். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை, பாவு நூல் அறுந்தால் ஓட்டத்தின் ஓசையிலேயே கண்டுபிடித்துவிடுவான். அவனும் ஃப்ரெஷர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆந்திரத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போய்வந்து, தெரியாத ஊரில் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் வசூலுக்கும் கணக்கு ஒப்புவித்து, இந்தியும் தெலுங்கும் பேசப் பழகியவனும் ஃப்ரெஷர்தான்.

ஏன் மறைக்கிறார்கள்? இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, வெட்கம். பட்டறை வேலையிலிருந்து பிள்ளையை மீட்டு வெள்ளைச் சட்டை வேலைக்கு அனுப்பத்தான் பெற்றோர் கடன் வாங்கிப் படிக்க வைத்தார்கள். அந்தப் பட்டறையையே காகிதத்தில் எழுதினால் படித்ததற்கு மரியாதை இல்லை என்று வீடே நினைக்கிறது. இன்னொன்று, நாம் கொடுத்த பள்ளிப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகத் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை விடுதியில் கொண்டுவந்து சேர்த்த ஊர் நாமக்கல். புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்ற பழக்கம் இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. கேள்விக்கு விடை வெளியில் எங்கோ அச்சாகி இருக்கிறது, தன்னிடம் இல்லை என்று நம்பும் மாணவர், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் மனப்பாடம் செய்ததைத்தான் சொல்வார். தன் வாழ்க்கையே அந்தக் கேள்விக்கு விடை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வேலைவாய்ப்பு முகாம்களைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகள் இந்த இடத்தில் நமக்கு உதவும். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் பொருளாதார ஆய்வாளர்கள் முகாம் நடத்தி, அதன் பலனை அளந்தார்கள். கிடைத்த வேலைகள் மிகக் குறைவு: கலந்துகொண்ட நிறுவனங்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒரு வேலை. வேலை தேடியவர்கள் எதிர்பார்த்த சம்பளம் ஒன்று, நிறுவனங்கள் தர இருந்தது வேறு. நிறுவனங்கள் எதிர்பார்த்த தகுதி ஒன்று, வந்தவர்களிடம் இருந்தது வேறு. ஆனால் முகாமுக்குப் பிறகு இரு தரப்பும் தங்கள் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொண்டு, முன்னைவிடத் தீவிரமாகத் தேடத் தொடங்கின. பிலிப்பைன்ஸில் எமிலி பீம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. வெளிநாட்டு வேலைக்கான முகாமுக்குப் போனதால் வெளிநாடு போவது கூடவில்லை. ஆனால் உள்நாட்டிலேயே முறைசார்ந்த வேலையில் சேர்ந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் கூடியது.

அதே அடிஸ் அபாபாவில் இன்னொரு பரிசோதனையும் நடந்தது. இளைஞர்களில் ஒரு பிரிவினருக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தங்கள் திறமையை எழுத்தில் காட்டவும் நேர்காணலில் சொல்லவும் பயிற்சி கொடுத்து, திறன் தேர்வு வைத்துச் சான்றும் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது போக்குவரத்து உதவியின் பலன் மறைந்துவிட்டது. பயிற்சியும் சான்றும் பெற்றவர்களின் வருமானம் மட்டும் தெளிவாக உயர்ந்திருந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது தென்னாப்பிரிக்க ஆய்வு. 2020-இல் வெளியான அதில், முன்பு வேலை பார்த்த இடத்து முதலாளியிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்தவர்களை நிறுவனங்கள் திரும்ப அழைப்பது 60 சதவீதம் கூடியது. கடிதம் வாங்கிய பெண்களில் வேலை கிடைத்தவர்களின் விகிதம் இரட்டிப்பானது. அந்தக் கடிதம் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இவர் என்னிடம் வேலை பார்த்தார், நேரத்துக்கு வருவார், நம்பலாம் என்று ஒருவர் கையெழுத்திட்டுச் சொன்னது, அவ்வளவுதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குள்ள பெரிய அச்சம் இந்த ஆள் இரண்டு மாதத்தில் ஓடிவிடுவாரோ என்பதுதான். அதைத் தணிக்கும் காகிதம் எதுவோ அதுவே அவர் மனதில் நிற்கும்.

ஆகவே முகாமுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயோடேட்டாவின் முதல் பத்தியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்களே செய்த வேலையை எண்களோடு எழுதுங்கள். எத்தனை கோழிகள் உள்ள பண்ணை, எத்தனை தறி, எத்தனை மாதம், உங்கள் பொறுப்பில் என்ன இருந்தது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: “எங்க மாமா பட்டறையில ரெண்டு லீவும் வெல்டிங் பண்ணியிருக்கேங்க சார். சரக்கு எவ்வளவு வேணும்னு கணக்குப் போட்டு, கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றது என் வேலைங்க.” ஓர் ஆலையின் மேற்பார்வையாளருக்கு இந்த இரண்டு வாக்கியங்கள், மனப்பாடம் செய்த பத்து ஆங்கில வாக்கியங்களைவிட அதிகம் சொல்லும். நம் முகாம்களுக்கு வரும் அலுவலர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆங்கிலம் தேவைப்படும் வேலைக்கு ஆங்கிலத்தில் பேசிப் பழகத்தான் வேண்டும். மற்ற இடத்தில் தெளிவான தமிழே போதும்.

கேட்கவும் பழகுங்கள். பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும்? கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? ஷிஃப்ட் எப்படி, தங்குமிடம் யார் செலவு? இப்படிக் கேட்டால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள் எனப் பயப்பட வேண்டாம். சேரும் எண்ணம் உள்ளவர்தான் இதையெல்லாம் கேட்பார் என்பது அனுபவமுள்ள அலுவலருக்குத் தெரியும். எல்லா மேசையிலும் ஒரே காகிதத்தைப் போட்டுவிட்டு வருவதைவிட, வருகிற நிறுவனங்களின் பட்டியலை முன்பே பார்த்து, நான்கைந்தை மட்டும் தேர்ந்து, கூட்டம் ஏறுவதற்குள் போவது நல்லது. பேசியவரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு மறுநாள் ஒரு செய்தி அனுப்புங்கள். செய்பவர்கள் குறைவு என்பதாலேயே அது கவனிக்கப்படும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகளோடு முகாமுக்கு வரும் அப்பாக்களை நான் மதிக்கிறேன். வெளியூர், விடுதி, இரவு ஷிஃப்ட் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மேசையில் அவளிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னால், அலுவலர் மனதில் நீங்கள்தான் பதிவீர்கள், அவள் பதியமாட்டாள். கேட்க வேண்டியதை வீட்டிலேயே பேசி, அவளிடம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகிவிடும் என்ற பயமும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ரத்தாகாது என்று அரசு முகாம் அறிவிப்புகளில் சொல்லி வருகிறது. அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஒரு கணக்கையும் மனதில் வைக்க வேண்டும்: 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244; விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம்.

எல்லாச் சுமையையும் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. நிறுவனங்களும் ஆள் எடுக்கும் முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும். மனம்போன போக்கில் கேள்வி கேட்பதைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத் திட்டமிட்டுக் கேட்பதே நல்ல ஆளைக் கண்டுபிடிக்கும் வழி என்று ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இல் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். 2022-இல் நடந்த மறுஆய்வு பல எண்களைத் திருத்தினாலும் இந்த முடிவை உறுதிசெய்தது. ‘உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன’ என்று கேட்பதைவிட ‘நீங்கள் கடைசியாகச் செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் நாமக்கல் பிள்ளை வாய் திறப்பான்.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியவையும் உண்டு. தமிழ்நாடு தனியார் வேலை இணையதளம் 2020 முதல் இருக்கிறது; மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-இல் தொடங்கியது. இந்த இரண்டையும் முகாமோடு இறுக்கமாக இணைக்கலாம். வருகிற ஒவ்வொரு நிறுவனமும் பதவி, சம்பளம், வேலையிடம், ஒப்பந்தமா நேரடியா என்பதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். அடிஸ் அபாபாவில் முகாமைத் தோற்கடித்த எதிர்பார்ப்பு இடைவெளியில் பாதி அதிலேயே அடைபடும். மேடையில் வழங்கும் பணி நியமன ஆணைகளின் எண்ணிக்கை மறுநாள் செய்தியாகிறது. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதும் அதேபோல் வெளியிடப்பட வேண்டும். அந்த எண் வந்தால்தான் எந்த நிறுவனத்தைத் திரும்ப அழைப்பது, எதை நிறுத்துவது என்று தெரியும்.

கடைசியாக, நம் ஊர் பட்டறை, பண்ணை, தறிக்கூடம், ரிக் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் விடுமுறையில் வேலை பார்த்த பையனோ பெண்ணோ கடிதம் கேட்டு வந்தால் தயங்காதீர்கள். எத்தனை மாதம் வேலை பார்த்தார், என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள்.